கடலைப் பார்த்துட்டுச் சொன்னானா, கணக்குப் போட்டுச் சொன்னானா?

2025 ஜூலை 30 காலை பல் துலக்கிக்கொண்டே போனைத் திறந்தால் குடும்ப வாட்ஸாப் குழுவில் சண்டை ஆரம்பித்திருந்தது. ரஷ்யாவில் கம்சட்கா பக்கம் கடலுக்கடியில் பெரிய நிலநடுக்கம். முதலில் ஒருவர் 8.0 என்று ஒரு செய்தியைப் போட்டிருந்தார். அடுத்தவர் 8.7 என்று ஒன்றை. கொஞ்ச நேரத்தில் இன்னொருவர் 8.8. அதற்குக் கீழே, எனக்குத் தம்பி முறை ஆகிற ஒருவன், இன்ஜினியரிங் முடித்தவன், "இவனுங்களுக்கே தெரியல, இதுல எச்சரிக்கை வேற" என்று எழுதி மூன்று சிரிப்பு பொம்மைகளும் போட்டிருந்தான். ஏழெட்டுப் பேர் கைதட்டியிருந்தார்கள்.

பதில் எழுத ஆரம்பித்து அழித்தேன். மறுபடி எழுதி மறுபடி அழித்தேன். அவன்மேல் கோபப்பட எனக்குத் தகுதியில்லை, ஏனென்றால் கிட்டத்தட்ட இதே வாக்கியத்தை 2012 ஏப்ரல் 11ஆம் தேதி சாயங்காலம் நானே சொல்லியிருக்கிறேன், அதுவும் சொல்லக் கூடாத ஒருவரிடம். நாகப்பட்டினத்தை ஒட்டிய அக்கரைப்பேட்டையில் இருக்கும் என் அத்தையிடம். அதற்கு அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை, ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதிலைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்குச் சில வருஷம் ஆனது.

அத்தை குடும்பத்தை 2004 சுனாமி என்ன செய்தது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. நாகப்பட்டினத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்லி ஆகப்போவதும் இல்லை. அதற்கு மூன்று மாதம் கழித்து, 2005 மார்ச் 28 ராத்திரி, சுமத்ராவுக்குப் பக்கத்தில் நியாஸ் தீவில் 8.6 என்று ஒரு நிலநடுக்கம் வந்தபோது அவர்கள் பாய், தலையணை எதுவும் எடுக்காமல் இருட்டில் சிக்கல் என்கிற ஊர் வரை நடந்தே போனார்கள், கோவில் வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டு விடிந்ததும் திரும்பினார்கள். எதுவும் வரவில்லை. அப்புறம் சுனாமி குடியிருப்பில் காங்கிரீட் வீடு, மேலே மொட்டை மாடி. 2012இல் அத்தை ஏறி நின்றது அந்த மொட்டை மாடியில்தான்.

அன்று மதியம்

நான் அப்போது ஓஎம்ஆரில் ஒரு ஆபீஸின் ஆறாவது மாடியில் வேலை பார்த்தேன். மதியம் இரண்டேகால் இருக்கும். ஜன்னல் திரையின் கயிறுகள் எல்லாம் ஒரே தாளத்தில் ஆடின, காற்று இல்லை, ஏசி அறை. சக்கரம் வைத்த நாற்காலி தானாக ஓர் அங்குலம் நகர்ந்து திரும்பி வந்தது. பக்கத்து சீட்காரர் "உனக்கும் தலை சுத்துதா?" என்று கேட்ட பிறகுதான் எல்லோரும் எழுந்தோம். கீழே இறங்கி ரோட்டோரம் நின்றபோது, தரைத்தளத்தில் டீ விற்கிறவர் தனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்றார். பொய் இல்லை. அவ்வளவு தூரத்திலிருந்து வரும் நில அலைகளில் சட்சட்டென்று அடிக்கும் வேகமான அதிர்வெல்லாம் வழியிலேயே தேய்ந்துபோகும், மெதுவாக ஊஞ்சல் ஆட்டுவது போன்ற நீண்ட அலைகள்தான் மிச்சம் வந்து சேரும், அவை உயரமான கட்டடங்களைத்தான் பிடித்து ஆட்டும்.

நிலம் உடைந்தது நம் நேரப்படி 2.08க்கு, சுமத்ராவுக்குத் தென்மேற்கே ஆழ்கடலில், சென்னையிலிருந்து சுமார் 1,800 கிலோமீட்டர் தள்ளி. முதல் நில அலை நான்கு நிமிடத்தில் சென்னையைத் தொட்டிருக்கும், நம்மை ஆட்டிய மேற்பரப்பு அலைகள் அதற்கும் நான்கைந்து நிமிடம் பின்னால். அதாவது நாங்கள் படியில் இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் மையத்தின் சுனாமி பிரிவு தன் முதல் அறிவிப்பை அனுப்பிவிட்டது. பத்து நிமிடத்துக்குள். 2004இல் இப்படி ஒரு மையமே இந்துமாக்கடலுக்கு இல்லை. இது 2007 அக்டோபரில் வந்தது.

அத்தைக்கு லைன் கிடைக்க மூன்று மணி தாண்டிவிட்டது. அவர் ஏற்கெனவே மாடியில் இருந்தார்.

"எத்தனைன்னு சொல்றாங்க தம்பி?"

"8.7ன்னு போடுறான் அத்தை. இன்னொரு டிவில 8.9."

"அன்னைக்கு எத்தனை?"

"ஒன்பது. ஒன்பது புள்ளி ஒண்ணு."

"அப்ப கொஞ்சந்தானே கம்மி." கொஞ்ச நேரம் பேச்சில்லை. "இது ஏறுதா, எறங்குதா?"

துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்தே வாழ்ந்தவர். கூடை தரையில் விழுந்ததும் ஒருவன் ஒரு விலையைக் கத்துவான், அது விலை இல்லை, ஆரம்பம். ஏறும், சில சமயம் வாங்க ஆளில்லாமல் இறங்கும். முதலில் கத்திய எண்ணை யாரும் பொய் என்று சொல்வதில்லை. அத்தைக்கு இது இயல்பாகவே தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. நான் எரிச்சலில் இருந்தேன். நான்கே காலுக்கு 8.2 என்று இன்னொன்று வேறு வந்தது, இறங்கியவர்கள் மறுபடி ஏறினார்கள். மெரினாவில் போலீஸ் ஆட்களைக் கிளப்பிக்கொண்டிருந்தது. சாயங்காலம் முதல் நிலநடுக்கம் 8.6 என்று நின்றது, எச்சரிக்கை விலக்கப்பட்டது, கடல் ஏறவில்லை. நான் அத்தைக்குப் போன் செய்து, "ஒண்ணுமில்ல அத்தை, எறங்குங்க. இவனுங்களுக்கே ஒண்ணும் தெரியல, சும்மா பீதியக் கெளப்புறானுங்க" என்றேன்.

அத்தை கேட்டார்: "வரலைன்னு சொன்னவன் கடலைப் பார்த்துட்டுச் சொன்னானா, கணக்குப் போட்டுச் சொன்னானா?"

"கம்ப்யூட்டர்லதான் பாத்திருப்பாங்க."

"அப்ப நான் இருக்கேன்."

அவர் இறங்கவில்லை. ஒரு பையனைப் பாலத்துக்கு அனுப்பி, கடுவையாற்றில் கட்டியிருக்கும் படகுகளின் கயிறு இறுகுகிறதா, தொய்கிறதா என்று பார்த்துவரச் சொல்லியிருக்கிறார். (இதைப் படிக்கிற யாரும் இதைச் செய்யாதீர்கள். எச்சரிக்கை நேரத்தில் ஆற்று வாய்க்கு ஆள் அனுப்புவது மிக மோசமான யோசனை, அத்தை என்பதால் சொல்லாமல் விட முடியாது.) கயிறு சும்மா இருக்கிறது என்று பையன் மூன்று தடவை போய் வந்து சொன்ன பிறகு, ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் கீழே வந்து உலை வைத்தாராம்.

எண் ஏன் மாறுகிறது

என் தம்பியின் "இவனுங்களுக்கே தெரியல" என்பதற்கு வருகிறேன். முதல் சில நிமிடங்களில் உண்மையிலேயே அவர்களுக்கு முழுசாகத் தெரியாது. தெரிய வழியில்லை. ஒரு கல்யாணப் பந்தியில் முதல் பத்து நிமிடம் வாசலில் நின்று வருகிறவர்களை எண்ணிவிட்டு மொத்தம் எத்தனை இலை என்று சொல்லச் சொன்னால் எப்படியோ, அப்படித்தான். சின்னக் கல்யாணம் என்றால் சரியாகவே சொல்லிவிடலாம். ஊரையே அழைத்த கல்யாணத்தில் வேனும் பஸ்ஸும் பின்னால் வந்துகொண்டே இருக்கும்.

2004 டிசம்பர் 26இல் வந்தது அந்த மாதிரி. காலை 6.28க்கு சுமத்ரா அருகே கிழிய ஆரம்பித்த பூமி, அந்தமான் வரை சுமார் 1,300 கிலோமீட்டர் கிழிந்துகொண்டே போனது. சென்னையிலிருந்து மும்பைக்கு ரோட்டில் போகிற தூரம். கிழிந்து முடிக்கவே எட்டு, பத்து நிமிடம் ஆகியிருக்கிறது. ஹவாயில் இருக்கும் பசிபிக் சுனாமி மையம் பதினைந்து நிமிடத்தில், நம் நேரப்படி 6.44க்கு, அதை 8.0 என்று மதிப்பிட்டது. ஒரு மணி நேரம் கழித்து 7.34க்கு 8.5. நாகையில் கடல் ஏறியது ஒன்பது மணி அளவில். ஹார்வர்டில் நீண்ட அலைகளை வைத்துக் கணக்கிட்டு 8.9 என்று சொன்னபோது இங்கே மணி பதினொன்று ஆகிக்கொண்டிருந்தது, கரையில் ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பிறகு 9.0, 9.1, சிலர் 9.3 என்றும் கணக்கிட்டார்கள். 8.0க்கும் 9.1க்கும் இடையே ஆற்றலில் கிட்டத்தட்ட 45 மடங்கு வித்தியாசம். ஆக அன்று முதலில் கத்திய எண் ரொம்பக் குறைவு.

நம் பத்திரிகைகள் இன்னும் "ரிக்டர் அளவுகோலில்" என்று எழுதுவது எனக்கு ஒரு சின்ன எரிச்சல். ரிக்டர் 1935இல் அதை உருவாக்கியது கலிபோர்னியாவில் பக்கத்தில் வரும் நடுக்கங்களை அளக்க. அந்த மாதிரி அளவுகள் பெரிய நிலநடுக்கத்தில் ஒரு கட்டத்துக்கு மேல் ஏறவே ஏறாது, ரொட்டிக் கடைத் தராசில் லாரியை நிறுத்துவது போல முள் கடைசியில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். இப்போது சொல்லப்படுவது வேறு அளவு: எவ்வளவு பரப்பு கிழிந்தது, எத்தனை மீட்டர் நழுவியது, பாறை எவ்வளவு விறைப்பானது, இந்த மூன்றையும் பெருக்கிவரும் கணக்கு. ஹாங்க்ஸ், கனமோரி என்ற இருவர் 1979இல் முறைப்படுத்தியது. இதற்கு மிக நீண்ட அலைகள் வேண்டும், அவை கருவியைக் கடந்துபோக நேரம் வேண்டும். இப்போது அதை இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்குள் செய்கிறார்கள். இருந்தும் அந்த இருபது நிமிடம் இருக்கிறதே, அதற்குள் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

சொல்லாமல் காத்திருந்தால் என்ன ஆகும், குறைத்துச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு 2011 ஜப்பான் இருக்கிறது. உலகத்திலேயே அதிகக் கருவி வைத்திருக்கிற நாடு, மூன்றே நிமிடத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள், ஆனால் முதல் கணக்கு 7.9. அதன்படி இவாத்தே, ஃபுகுஷிமா கரைகளுக்கு 3 மீட்டர் அலை என்று அறிவித்தார்கள். அரை மணி நேரத்துக்குள் எண்ணை ஏற்றினார்கள், ஏற்றியது எல்லோர் காதுக்கும் போய்ச் சேரவில்லை. நிஜத்தில் அது 9.0. இரண்டு வருஷம் கழித்து ஜப்பான் வானிலை முகமை ஒரு மாற்றம் செய்தது, எனக்கு மிகவும் பிடித்த மாற்றம்: 8ஐத் தாண்டும் என்று சந்தேகம் வந்தால் முதல் அறிவிப்பில் மீட்டர் கணக்கே சொல்வதில்லை, 'மிகப் பெரியது' என்ற ஒரு சொல் மட்டும். இன்னும் அளந்து முடிக்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுவது. நம் டிவிக்காரர்கள் இதற்கு ஒத்துக்கொள்வார்களா என்று தெரியவில்லை, அவர்களுக்குத் திரையில் எண் வேண்டும்.

இரண்டு 8.6

சரி, எண் சரியாகவே கிடைத்தாலும் அலை வருமா வராதா என்று சொல்லிவிடலாமா? அத்தை கேள்வியைத் தோண்டப் போனபோது என்னை அசைத்தது இதுதான். 2005 நியாஸ், 8.6. 2012, அதுவும் 8.6. இரண்டுக்கும் என் அத்தை ஓடினார், இரண்டு தடவையும் நம் கரையில் எதுவும் வரவில்லை, ஆனால் இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

நியாஸில் நிலம் செங்குத்தாகத்தான் உயர்ந்தது, 2004 மாதிரியே பூமியின் மேலோட்டுத் தட்டு ஒன்று இன்னொன்றின் மேல் ஏறியது. ஆனால் உயர்ந்த இடத்தில் பெரும்பகுதி தீவுக்கு அடியிலும் ஆழமில்லாத கடலிலும் இருந்தது. தூக்கிவிட அங்கே தண்ணீர் அதிகம் இல்லை. நியாஸில் நூற்றுக்கணக்கானோர் இடிபாடுகளில் செத்தார்கள், கடலால் நமக்கு ஒன்றும் ஆகவில்லை.

2012இல் ஆழமான தண்ணீர் தாராளமாக இருந்தது, நிலம்தான் மேலே வரவில்லை. அது தட்டுகள் முட்டும் ஓரத்தில்கூட வரவில்லை, இந்திய ஆஸ்திரேலியத் தட்டின் நடுவயிற்றில், ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டும் பல பிளவுகளில் பக்கவாட்டில் நழுவியது. கருவிகளில் பதிவான பக்கவாட்டு நிலநடுக்கங்களில் அதுதான் இதுவரை மிகப் பெரியது. அண்டாத் தண்ணீருக்குள் உள்ளங்கையை விரித்து மேலே தூக்கிப் பாருங்கள், தண்ணீர் எழும்பும். அதே கையைக் கத்தி மாதிரி நிறுத்தி முன்னும் பின்னும் நகர்த்துங்கள், பெரிதாக எதுவும் ஆகாது.

எந்தக் கை என்பதையும் நில அலையிலிருந்தே கண்டுபிடிக்கலாம். உலகம் முழுக்க இருக்கும் நிலையங்களில் முதல் அசைவு மேலே தள்ளியதா, கீழே இழுத்ததா என்று பார்த்து ஒரு கறுப்பு வெள்ளைப் பந்து வரைகிறார்கள். நடுவில் கறுப்பும் இரண்டு ஓரத்தில் வெள்ளையுமாகப் பூனைக்கண் போல இருந்தால், தூக்கிய கை. நான்கு கால்பகுதியாகக் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வந்தால், நழுவிய கை. 2012இன் பந்து நான்கு கால்பகுதி. இன்றைக்கு ஏதாவது கடலில் நிலநடுக்கம் என்றால் நான் எண்ணைப் பார்ப்பதில்லை, அந்தப் பந்தைத் தேடுகிறேன். ஆபீஸில் இதைச் சொல்லிக் கொஞ்சம் அலட்டிக்கொள்வதும் உண்டு.

அப்படியென்றால் பந்தைப் பார்த்ததுமே, மூன்று மணிக்கே, எல்லோரும் வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லியிருக்கலாமே? நானும் அப்படித்தான் நினைத்தேன், 2018 செப்டம்பர் 28 வரை. இந்தோனேசியாவில் பாலு. அதுவும் பக்கவாட்டு நழுவல், 7.5தான். எச்சரிக்கை கொடுத்தார்கள், சுமார் அரை மணி நேரத்தில் விலக்கினார்கள். பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த கடல்மட்டக் கருவி மாமுஜுவில், இருநூறு கிலோமீட்டர் அளவு தள்ளி இருந்தது, அது காட்டியது 6 சென்டிமீட்டர். ஆனால் பாலு ஒரு குறுகலான வளைகுடாவின் கடைசியில் இருக்கிற ஊர், அங்கே கரை சரிந்து, வளைகுடாவுக்குள் அலை சில நிமிடத்திலேயே வந்து அடித்துவிட்டது. அடித்த பிறகு விலக்கினார்களா அதற்கு முன்பா என்று அப்புறம் பெரிய சர்ச்சை. கணக்கு சொன்னது வராது என்று, கருவி பார்த்தது தப்பான இடத்துக் கடலை.

அதற்குப் பிறகு 2012இல் மாலை வரை மக்களை மாடியில் நிற்க வைத்தது சரிதான் என்று ஆனது எனக்கு. வரும் என்று சொல்ல பத்து நிமிடமும் ஒரு கணக்கும் போதும், தப்பானால் நாலு பேர் சிரிப்பார்கள். வராது என்று சொல்வதற்குக் கடலைப் பார்த்தாக வேண்டும். மூலத்துக்குப் பக்கத்தில் சுமத்ராவின் மியூலபோவில் ஒரு மீட்டர் அளவுக்கு நீர் ஏறி இறங்கியதைக் கருவி காட்டியது, நம் பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஏற்ற இறக்கம்தான். அதைப் பார்த்துத்தான் விலக்கினார்கள். ஆழ்கடலில் சுனாமி மணிக்கு எழுநூறு கிலோமீட்டர் போகும் என்றாலும் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவாகத்தான் இருக்கும், மேலே போகிற கப்பலுக்குத் தெரியாது. கடல் தரையில் உட்கார வைத்த அழுத்தமானிக்குத் தெரியும். தலைக்கு மேல் மூன்று, நான்கு கிலோமீட்டர் தண்ணீர் நிற்க, அதில் ஒரு சென்டிமீட்டர் கூடினால் கண்டுபிடிக்கும். அது ஒலியாக மேலே மிதவைக்கு அனுப்பும், மிதவை செயற்கைக்கோளுக்கு, அது கரைக்கு. கடுவையாற்றுக் கயிறுதான், நடுக்கடலில் கட்டியது.

மிதவை

போன பொங்கலுக்கு அக்கரைப்பேட்டை போனபோது சாப்பாட்டில் உட்கார்ந்து இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன், பதின்மூன்று வருஷம் தாமதமாக. கடலைப் பார்த்துட்டுத்தான் சொன்னாங்க அத்தை, கணக்கும் போட்டாங்க, ஆனா பார்த்துட்டுத்தான் விலக்கினாங்க. வங்கக்கடலில் இருக்கிற மிதவைகளைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார் கப்பலில் போய் நிறுத்தி, பழுது பார்க்கிறார்கள் என்றேன். அத்தை குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்டார், "அது பாட்டுக்கு நடுக்கடல்ல கெடக்குதா? யாரு பாத்துக்கிறது?"

எதிரே அத்தை மகன். காசிமேட்டில் சூரை பிடிக்கும் படகில் போகிறவன், வாரக்கணக்கில் கடலில் இருப்பான்.

"மஞ்சளா இருக்குமே, மேல கம்பியெல்லாம் வெச்சு. அதா மச்சான்?"

"அதுவாத்தான் இருக்கும்."

அவன் கொஞ்ச நேரம் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தான். மிதக்கிற எதன் நிழலிலும் மீன் சேரும் என்பது அவன் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

"அதுல கயிறு போட்டு ராத்திரி படகக் கட்டிருவோம். சூரை நல்லா விழும்."

அத்தை குழம்புக் கரண்டியைச் சட்டியிலேயே வைத்துவிட்டு அவனைப் பார்த்தார்.

"எத்தனை தடவ கட்டின?"